தங்கமாரியின் கால் பட்டை

டெக்சாஸ்
21 ஜனவரி 2024

செல்விக்கு,

அக்கா எழுதுதேன். உயிரோட, கை கால் சுகத்தோட இருக்கேன். அத முதல்ல படிச்சுக்கோ, மிச்சத்த அப்புறம் படி. நாள் முழுக்க கம்பெனி லைன்ல நின்னு நின்னு உனக்குக் கால் வீங்குமே, இப்ப எப்படி இருக்கு?

நான் வேலைக்கு நின்ன சார் வீட்ட விட்டு வந்துட்டேன். நவம்பர்லயே வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை போன் வராம நீ என்ன பாடு பட்டிருப்பன்னு எனக்குத் தெரியும். பேச வழி இல்லாம இருந்துச்சு. இப்ப பொம்பளைங்க மட்டும் தங்குற ஒரு விடுதியில இருக்கேன். சர்ச்சுக்காரவுக நடத்துதாக. விடுதி எங்க இருக்குன்னு யாருக்கும் சொல்லக் கூடாது. அதனாலதான் கவர்ல வக்கீல் ஆபீஸ் விலாசம் இருக்கு. அந்த வக்கீலம்மா பேரு மார்த்தா. நீ எழுதுனா அவுக என் கையில சேத்துருவாக. போன் வேண்டாம். உன் நம்பர் சார் வீட்டுக்குத் தெரியும், அத வச்சே என்னத் தேடிருவாகன்னு மார்த்தா பயப்படுதாக.

ஏன் வந்தேன்னு கேப்ப. புள்ளைங்க ரெண்டும் தங்கமான புள்ளைங்க, அதுகளப் பத்தி ஒரு குறையும் இல்ல. மத்தத இன்னொரு நாள் எழுதுதேன்.

கால்ல ஒரு சின்னக் கட்டு இருக்கு. வேற ஒண்ணுமில்ல.

அப்பாட்ட இப்ப சொல்லாத. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
தங்கமாரி


வல்லம் வடகால்
17 பிப்ரவரி 2024

என் அக்காவுக்கு,

செல்வி எழுதுதேன். எனக்குக் காய்ச்சல் இல்ல, தலைவலி இல்ல, கால் வீக்கம் வந்து வந்து போகுது. நீ அங்க ஒரு வாய் சோறாவது ஒழுங்காச் சாப்பிடுதியா?

உன் கையெழுத்தப் பாத்ததும் ஹாஸ்டல் படியிலயே உக்காந்துட்டேன். வார்டன் மேடம் ஓடி வந்து, "யாரும் இறந்துட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. "இல்ல மேடம், எங்க அக்கா உயிரோட இருக்கா"ன்னு சொன்னேன். சொல்லிட்டு அழுதேன்.

அப்பாட்ட சொல்லாதன்னு எழுதியிருக்க. அவருக்கு உன்னப் பத்தி வேற கதை வந்து சேந்தாச்சு. டிசம்பர்ல உங்க மேடத்தோட தம்பி நம்பிராஜன் நம்ம ஊருக்கே கார்ல போயிருக்கான். உன்ன அமெரிக்காவுக்கு அனுப்பி வச்ச அதே வாயால, மேடத்தோட நகைய நீ எடுத்துட்டு எவன்கூடயோ ஓடிட்டன்னு சொல்லியிருக்கான். தன் அக்கா வீட்டுல திருடிட்டான்னு தம்பிக்காரனே வந்து சொன்னா யாருதான் நம்ப மாட்டாக? அன்னையிலேருந்து அப்பா டீக்கடைக்குக் கூடப் போறதில்ல. "அக்கா அப்படிச் செய்ய மாட்டாப்பா"ன்னு போன்ல சொன்னேன். "நீ கண்ணால கண்டியா?"ன்னு கேட்டாரு.

அதனால நீ எனக்கு உண்மைய எழுதணும். கால்ல கட்டுன்னு எழுதியிருக்கியே, எந்தக் கால்? எப்படி அடிபட்டுச்சு? ஒண்ண மறைக்கும்போது உன் வாக்கியம் சின்னதாயிரும். எனக்குத் தெரியாதா?

இங்க லைன்ல புது மாடல் போன் ஓடுது. பின் மூடி ஒட்டுற இடத்துல நிக்கேன். என் கை பட்ட போன் எதாவது நீ இருக்க ஊருக்கு வந்துராதான்னு நினைச்சுக்கிடுவேன்.

பதில் வாற வரைக்கும் தூங்க மாட்டேன்னு மிரட்டுற
உன் தங்கச்சி
பாண்டிச்செல்வி


டெக்சாஸ்
10 மார்ச் 2024

செல்விக்கு,

தூங்காம இருந்து உடம்பக் கெடுத்துக்கிடாத. நான் நல்லா இருக்கேன். மறைச்சதுக்கு வையாத.

இடது கால். அடி எதுவும் படல. கரண்டைக்கு மேல கருப்பா ஒரு பட்டை மாட்டியிருக்காக. சோப்பு டப்பா அளவு பெட்டி ஒண்ணு அதுல ஒட்டியிருக்கு. நான் எங்க இருக்கேன், எங்க போறேன்னு அது ஒரு ஆபீஸுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். என்னால கழட்ட முடியாது. குளிக்கும்போதும் படுக்கும்போதும் கால்லயேதான் கிடக்கு.

அந்த வீட்டுல சேந்த அன்னைக்கே மேடம் என் பாஸ்போர்ட்ட வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாக. வாசக் கதவுக்கு நம்பர் பூட்டு, நம்பர எனக்குச் சொல்லல. ரெண்டு வருசத்துல நான் தெருவுல நின்னது, குப்பைத் தொட்டிய வெளிய இழுத்து வைக்கதுக்கு மட்டும்தான். அப்பவும் மேடம் ஜன்னல்ல நிப்பாக. உங்ககூட பேசுனது எல்லாம் ஸ்பீக்கர்ல போட்டு, அவுக பக்கத்துல உக்காந்திருக்கப் பேசுனதுதான்.

ஒரு நாள் தோட்டக்காரர் வந்தவர் பக்கக் கதவச் சாத்தாம விட்டுட்டாரு. மேடம் புள்ளைங்கள ஸ்கூல்ல விடப் போயிருந்தாக. அடுப்ப அணைச்சேன். சமையக்கட்டுச் செருப்போட நடந்தேன். எங்க போறேன்னு தெரியல. ஒரு தீயணைப்பு ஆபீஸ் வந்துச்சு. சிவப்பு வண்டியக் கழுவிக்கிட்டிருந்த பையன் என் முகத்தப் பாத்துட்டுத் தண்ணி குடுத்தான். போலீஸ் வந்துச்சு. கையில ஒரு காகிதம் இல்ல, விசாவும் முடிஞ்சு போச்சு. அதனால குடியேத்த ஆபீஸ்காரங்க கையில விட்டுட்டாக. அவுக ஒரு பெரிய கூடத்துல அடைச்சு வச்சிருந்தாக. அங்கதான் மார்த்தா என்னப் பாத்தாக. நீதிபதி விசாரிக்கற வரைக்கும் வெளிய இருக்கலாம்னு சொல்லி இந்தப் பட்டைய மாட்டி விட்டாக.

தினமும் செவுத்துப் பக்கத்துல உக்காந்து, காலோட சேத்து இதுக்குச் சார்ஜ் ஏத்தணும். சார்ஜ் குறைஞ்சா இங்கிலீஷ்ல சத்தமாப் பேசும். பஸ்ல ஒரு நாள் பேசிட்டு. எல்லாரும் திரும்பிப் பாத்தாக. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு. புதன்கிழமை ஆபீசர் விடுதிக்கே வந்து பாப்பாரு. மாவட்ட எல்லையத் தாண்டக் கூடாது.

வேலைக்குன்னு கூட்டிட்டு வந்து பூட்டி வச்சவுகளுக்குன்னு இங்க ஒரு சட்டம் இருக்காம். அதுல மனுப் போட்டிருக்கு. நவம்பர்ல விசாரணை. நான் அடைஞ்சு கிடந்தது அப்பவே தெரிஞ்ச ஆள் யாராவது எழுதிக் குடுத்தா பலமா இருக்கும்னு மார்த்தா சொன்னாக. உன் பேரக் கேட்டாக. அப்படி யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். நீ அங்க தனியா இருக்க. நம்பிராஜன் சும்மா இருக்க மாட்டான்.

அடுத்த லெட்டர்ல உன் முகம் தெரியற மாதிரி ஒரு போட்டோ வை.

அக்கா


வடக்குப்பட்டு
4 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

சுகமா இருக்கேன். விலாசம் மாறியிருக்கத முதல்ல பாத்துக்கோ.

நீ இல்லன்னு சொல்லிட்ட. நான் இருக்கேன்னு சொல்லிட்டேன். கவர்ல இருந்த ஆபீஸ் பேர வச்சு மார்த்தா அம்மாவோட மெயில் விலாசத்தக் கண்டுபிடிச்சு எழுதிட்டேன். எங்க லைன் இன்ஜினியர் மேடம் இங்கிலீஷாக்கிக் குடுத்தாங்க. கோவப்படு, ஆனா இனிமே திருப்பி வாங்க முடியாது.

உனக்குச் சொல்லாத விசயம் ஒண்ணு இருக்கு. போன வருசம் ஒரு ஞாயித்துக்கிழமை, "எனக்கு ஊருக்கு வரணும் செல்வி"ன்னு நீ சொன்னதும் போன் கட்டாயிட்டு, ஞாபகம் இருக்கா? மறுநாளே லீவு போட்டுட்டு மெட்ராஸ்ல நம்பிராஜன் ஆபீஸுக்குப் போனேன். வாசல்லயே நிக்க வச்சான். "எங்க அக்கா பூட்டுன பூட்ட உங்க அக்கா திறக்க முடியாதும்மா. பாஸ்போர்ட் எங்க கையில இருக்கு. நாங்க நினைக்கிறப்ப வருவா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அத அப்படியே எழுதிக் குடுத்திருக்கேன். உனக்குச் சொல்லியிருந்தா பூட்டுக்குள்ள கிடந்து அழுதிருப்ப, அதான் சொல்லல.

ஹாஸ்டல விட்டு வந்துட்டேன். சாம்பார் சரியில்ல. இங்க கங்கம்மாள்னு ஒருத்தவங்க வீட்டு மாடியில ரூம். வயலும் குடிசையுமா இருந்த இடமாம், இப்ப ஜன்னலத் திறந்தா கம்பெனிச் செவுருதான். கங்கம்மா வல்லம் கம்பெனிப் பசங்களுக்கு மெஸ் நடத்துறாங்க. "இன்னாமே, துன்னியா?"ன்னு கேட்டுக்கிட்டேதான் கதவத் தட்டுவாங்க. முதல்ல சண்டைக்கு வாராகன்னு நினைச்சேன்.

போட்டோ வச்சிருக்கேன். சிரிக்கச் சொன்னது கங்கம்மா.

செல்வி


டெக்சாஸ்
2 ஜூன் 2024

செல்விக்கு,

போட்டோவத் தலையணைக்குக் கீழ வச்சிருக்கேன். மெலிஞ்சிருக்க. சாம்பார் சரியில்லங்கறதுக்காக ஒருத்தி ஹாஸ்டல விட்டு வருவாளா?

நீ எழுதிக் குடுத்தத மார்த்தா எனக்குப் படிச்சுக் காட்டுனாக. கோவப்படத்தான் நினைச்சேன், முடியல.

இங்க பெரிய புயல் அடிச்சிட்டு. அதத்தான் உனக்குச் சொல்லணும். விடுதியில டெல்மின்னு ஒருத்தி இருக்கா. ஹோண்டுராஸ்காரி, நிறை மாசம். அவ கால்லயும் இதே பட்டை. அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனா ஒரே பிளக்குப் பக்கத்துல தினமும் உக்காந்து உக்காந்து ஒருத்திய ஒருத்தி நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கோம். அவ வயித்துல பிள்ளை உதைச்சா என் கையப் பிடிச்சு வைப்பா.

புயல்ல கரண்டு போச்சு. ஒரு நாள் ஆச்சு, வரல. பட்டை செத்துப் போச்சுன்னா நாங்க ஓடிட்டோம்னு அர்த்தம். மறுபடி அந்தக் கூடத்துக்குத்தான் போகணும். ஆபீஸுக்குப் போன் அடிச்சா யாரும் எடுக்கல. டெல்மி அந்தக் கூடத்துல புள்ளை பெக்கறத நினைச்சுப் பாத்தேன். ஆளுக்கு ஒண்ணுன்னு மாத்துப் பாட்டரி குடுத்திருந்தாக, சார்ஜ் ஏத்திக் கொண்டாந்து பட்டையில மாட்டிக்கிடலாம். ரெண்டையும் அரிசிப் பையில சுத்தி, தலையில வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன். முட்டளவு தண்ணி. ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் ஓடும்னு ஒரு கணக்கு.

ஆஸ்பத்திரி வாசல்ல காவல்காரம்மா விடல. என் இங்கிலீஷ் அவளுக்குப் புரியல. செல்வி, அதுவரைக்கும் யாருக்கும் காட்டாத கால, பாவாடையத் தூக்கி நானே காட்டுனேன். அவ பாத்தா. உள்ள கூட்டிட்டுப் போயி ஒரு பிளக்கக் காட்டி, நாற்காலி போட்டு உக்கார வச்சா. காப்பி கொண்டாந்து குடுத்தா.

திரும்பி வந்தப்ப டெல்மி பட்டையில சிவப்பு லைட்டு வெட்டி வெட்டி எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. முதல்ல அவளுக்கு மாட்டுனேன். என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அவ பாஷையில என்னமோ சொன்னா. எல்லாம் புரிஞ்சுது.

அதுக்கப்புறம் பஸ்ல கால மறைக்கறதில்ல.

உடம்பப் பாத்துக்கோ.
அக்கா


வடக்குப்பட்டு
1 ஜூலை 2024

அக்காவுக்கு,

நலந்தான். அப்பாவும் நலந்தான்.

புயல் லெட்டர கங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். படிச்சு முடிச்சதும், "இன்னொரு தபா அந்த ஆஸ்பத்திரியாண்ட பட்சியே, அத்தப் படி"ன்னாங்க. படிச்சேன். கேட்டுட்டு, "உங்க அக்கா பொம்பள இல்லமே, தேரு"ன்னாங்க. எனக்குப் பெருமையாப் போச்சு. ரூம்ல இருக்க புள்ளைங்க எல்லாத்துக்கும் உன் பேரு தெரியும் இப்ப.

எனக்கு வேலை நல்லாப் போகுது. இப்ப ஷிஃப்ட் மாறறதில்ல, தினமும் காலையிலதான்.

டெல்மிக்குப் புள்ளை பிறந்ததும் எழுது.

செல்வி


டெக்சாஸ்
28 ஜூலை 2024

செல்விக்கு,

டெல்மிக்குப் பொம்பளப் புள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். நானும் சுகம்.

உன் லெட்டர் ரொம்பச் சின்னது. ஓரத்துல மஞ்சக் கறை இருக்கு. போன் கம்பெனியில மஞ்சப்பொடி ஏது? ஷிஃப்ட் மாறாத லைன் எங்க இருக்கு? நீ மறைக்கும்போது உன் வாக்கியமும் சின்னதாத்தான் ஆகுது.

எழுது.

அக்கா


வடக்குப்பட்டு
30 ஆகஸ்ட் 2024

தங்கமாரிக்கு,

நான் கங்கம்மா எய்தறேன். உன் தங்கச்சி குடிக்கூலி இருக்கறது என் வூட்லதான். அவளுக்கு ஒண்ணும் ஆவல, கல்லுக்குண்டாட்டம் கீறா. பயப்படாத.

உன் லெட்டர் வந்துச்சு. பட்சிட்டு மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறா, பதில் எய்த மாட்டேங்கறா. கவர்ல கீற வெலாசத்தப் பாத்து நானே எய்திட்டேன். அவகிட்ட சொல்லல.

அந்த நம்பிராஜன் மார்ச் மாசமே உன்னத் தேடிகினு ஆஸ்டலுக்கு வந்துகீறான். திருடியோட தங்கச்சின்னு வார்டன் காதுல ஓதிட்டான். அதான் வெளிய அனுப்பிட்டாங்க. சாம்பாரும் இல்ல, ரசமும் இல்ல. அப்பறம் லைனுக்கு ஆள் வுடற காண்ட்ராக்டரு அவனுக்குத் தெரிஞ்சவனாம். மே மாசக் கடைசில வேலையும் பூட்ச்சி. பொண்ணு ஒரு நாளு படுத்துகினு இருந்தா. மறுநாளு வெடியறதுக்குள்ள எங்க மெஸ்ல வந்து வெங்காயம் அரியறா. "இன்னாமே"ன்னேன். "சும்மா இருந்தா அக்காவுக்கு லெட்டர் எழுதும்போது பொய் சொல்ல வராதுங்க"ன்றா.

இப்ப பெரிய கதைய சொல்றேன். போன மாசக் கடைசில ஒரு நாளு காலைல கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. நம்பிராஜன் எறங்கனான். பின்னாடி சீட்ல உங்க அப்பா. அவர ஊர்லேர்ந்து கூட்டியாந்துகீறான். செல்வி வக்கீலுக்கு எய்திக் குட்த்தது எப்டியோ அவனுக்குத் தெரிஞ்சிகீது. "என் அக்கா நகைய எடுத்துகினு ஓடிட்டா, நான் மின்ன எய்திக் குட்த்தது பொய்"யின்னு செல்வி சொல்றாப்ல ஒரு பேப்பரு அடிச்சி எடுத்தாந்துகீறான், அதுல செல்வி கையெய்த்து போடணுமாம். அப்பாவும், "போட்டுரு தாயி, நாம அவுககூட மோத முடியாது"ன்றாரு. எனக்கு வவுறு எரிஞ்சிது.

செல்வி அயல. கை நெறைய மாவு, அப்படியே தெருவுல வந்து நின்னா. மெஸ்ல துன்னுகினு இருந்த பசங்க எல்லாம் எய்ந்து வந்துட்டானுங்க. அவ கோவமாக்கூட பேசல. "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கையெழுத்துப் போடுதேன். எங்க அக்கா பாஸ்போர்ட் இப்ப எங்க இருக்கு?"ன்னு கேட்டா.

அந்தாளு ரொம்பப் பெருமையா, "பத்திரமா எங்க அக்கா பீரோவுல இருக்கு. அது இல்லாம அவ ஊர் வந்து சேர முடியாது. அதுக்குத்தாம்மா சொல்றேன், போடு"ன்னான்.

செல்வி அப்பாவத் திரும்பிப் பாத்தா, அவ்ளோதான். அவரு கார் கதவத் தொறந்து எறங்கி வந்தாரு. "நகைய எடுத்துட்டு ஓடிப்போற பொம்பள, பக்கத்துல இருக்கற பாஸ்போர்ட்ட விட்டுட்டா ஓடுவா? எம்மகள நீங்க பூட்டியில்ல வச்சிருந்திருக்கீக?"ன்னு கேட்டாரு. அந்தாளு இன்னாவோ சொல்ல வாயத் தொறந்தான். எங்க பசங்க ரெண்டு பேரு முன்னாடி வந்தானுங்க. பேப்பர மடிச்சிகினு வண்டி ஏறிட்டான்.

உங்க அப்பா அவன் கார்ல திரும்பிப் போவல. எங்க வூட்லதான் கீறாரு. அவரும் நோட்டரியாண்ட போயி எய்திக் குட்த்துட்டாரு. சாயங்காலத்துல மெஸ்ஸுக்குத் தண்ணி புடிச்சி ஊத்தறாரு, வேணான்னாலும் கேக்கல.

உங்க ரெண்டு பேரையும் பெத்த மகராசி இன்னா துன்னாளோ தெரியல. எனுக்கு உன்ன நேர்ல பாக்கணும்.

கங்கம்மா


டெக்சாஸ்
22 செப்டம்பர் 2024

செல்விக்கு,

கங்கம்மாள நீ ஒரு வார்த்தை வையக் கூடாது. அவுக லெட்டர விடுதியில இருக்க எல்லாருக்கும் கையால காலால நடிச்சுக் காட்டிட்டேன். நீ மாவுக் கையோட நின்னதக் காட்டும்போது டெல்மி எந்திரிச்சு நின்னு கை தட்டுனா. புள்ளை முழிச்சுக்கிடுச்சு.

எனக்காக வேலைய விட்டுட்டு நிக்கியேன்னு அழுதேன், அது வேற. ஆனா நீ அவன்கிட்ட கேட்டியே ஒரு கேள்வி, அத இங்க இருக்க எந்த வக்கீலும் கேட்டு நான் பாக்கல. மார்த்தாவே சொல்லுதாக. நீ சின்னப்புள்ளையில வாய் பேச மாட்ட, எல்லாரையும் பாத்துக்கிட்டே இருப்ப. ஊமைன்னு அத்தை சொல்லும். எல்லாத்தையும் பாத்து வச்சிருக்கன்னு இப்பதான் தெரியுது.

அப்பாட்ட பேசணும் போல இருக்கு. நான் நகை எடுக்கலன்னு சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். இப்ப அது தேவையில்ல. அவருக்கு முட்டு வலி, தண்ணிக் குடம் தூக்க விடாத.

விசாரணைக்குப் பயமா இருக்கு. உன்கிட்ட மட்டும் சொல்லுதேன்.

அக்கா


வடக்குப்பட்டு
14 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

மூணு பேரும் சுகம். கங்கம்மாவ வையல. ரெண்டு நாள் பேசாம இருந்தேன், அவ்வளவுதான்.

அவசரமா ஒண்ணு. இத மார்த்தா அம்மாவுக்கு நேத்தே மெயில் போட்டாச்சு. இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில வேலை பாக்குற பகலவன்னு ஒருத்தர் பைக்ல என்னத் தேடி வந்தாரு. தெருவுல நடந்த சண்டை அவர் காதுக்கும் போயிருக்கு. அவரோட தங்கச்சி வேல்விழிய, பத்தொன்பது வயசுதான், நம்பிராஜன் ஆகஸ்ட்ல அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கான். அதே வீடு. அதே மேடம். ஞாயித்துக்கிழமை மட்டும் போன் வருதாம். "நல்லா இருக்கேண்ணா"ங்கறதத் தவிர வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதாளாம். பேசிக்கிட்டிருக்கும்போதே அந்த மனுசன் குழந்தை மாதிரி அழுதுட்டாரு.

அக்கா, நீ உன் வழக்கப் பாரு. இத உன் தலையில ஏத்திக்கிடாத. தெரியணுமேன்னுதான் எழுதுனேன்.

அப்பா ரெண்டு வரி எழுதணும்னு பேனாவ வாங்கிட்டாரு.

*தங்கம், அப்பா எழுதுறேன். உன் பேர்ல சந்தேகப்பட்டேன். நீ பெரிய மனசு பண்ணி மன்னிச்சிரு. எப்படியாவது வீடு வந்து சேரு. அதுக்கு மேல அப்பாவுக்கு ஒண்ணும் வேண்டாம்.*

செல்வி


டெக்சாஸ்
15 டிசம்பர் 2024

செல்விக்கும் அப்பாவுக்கும்,

உங்க தங்கம் திடமா இருக்கேன். நிதானமா உக்காந்து படிங்க.

விசாரணை நடந்துச்சு. நீதிபதி ஒரு பொம்பள, வெள்ளை முடி. தமிழ்ல மொழிமாத்திச் சொல்லுதவுக எங்கேயோ இருந்து போன்ல பேசுனாக, யாழ்ப்பாணத்துப் பேச்சு. நீதிபதி உன் வாக்குமூலத்தச் சத்தமாப் படிச்சாக. பிறகு அந்தம்மா அதத் தமிழ்ல எனக்குச் சொன்னாக. நீ சொன்னது இங்கிலீஷுக்குப் போயி, யாழ்ப்பாணம் வழியா எங்கிட்ட வந்துச்சு செல்வி. அப்பவும் உன் குரலாத்தான் கேட்டுச்சு. அடுத்து அப்பாவோடத. அதப் படிச்சு முடிச்சு நீதிபதி கண்ணாடியக் கழட்டித் துடைச்சாக.

அரசாங்க வக்கீல் எந்திரிச்சாரு. "இந்தப் பெண் தானா ஊருக்குப் போறதா இருந்தா நாங்க எதிர்க்கல. எந்தக் கெட்ட பேரும் பதியாது. கால் பட்டைய இன்னைக்கே எடுத்துரலாம்"னு சொன்னாரு. மார்த்தா என்ன வெளிய கூட்டிட்டுப் போயி, "முடிவு உங்களோடதுதான்"னு சொல்லிட்டாக. அப்பா எழுதுன ரெண்டு வரி என் பையிலதான் இருந்துச்சு.

வேல்விழி என்ன ஆனான்னு கேட்டேன். போலீஸ் ஒரு தடவை போய்ப் பாத்திருக்காக. மேடம் பக்கத்துல நிக்க, "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு அந்தப் புள்ளை தலையாட்டியிருக்கு. வீட்டுக்குள்ள நடக்கறதச் சாட்சி சொல்ல இங்க என்ன விட்டா ஆள் இல்ல. நான் போயிட்டா அந்த வழக்கு அப்படியே படுத்துரும்னு மார்த்தா சொன்னாக.

அப்பா, என்ன வையாதீக. நான் இருக்கேன்னு சொல்லிட்டேன். அடுத்த விசாரணை அடுத்த வருசம். பட்டை கால்லதான் இருக்கு.

மறு வாரம் போலீஸ்காரம்மா ஒருத்தங்களும் மார்த்தாவும் நானுமா அந்த வீட்டுக்குப் போனோம். அது மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம். புதன்கிழமை வாற ஆபீசர், ஒரு நாளும் சிரிக்காத மனுசர், தானே அனுமதி வாங்கிக் குடுத்து, "கவனமாப் போயிட்டு வாங்க"ன்னாரு. அந்தத் தெருவுக்குள்ள கார் திரும்புச்சு. அதே ஜன்னல், அதே தொட்டி. மேடம் கதவத் திறந்தாக. என்னப் பாத்ததும் முகம் வெளுத்துட்டு. அவுகளுக்குப் பின்னால, நான் நிக்கற இடத்துல, ஒரு புள்ளை கரண்டியோட நின்னுச்சு.

போலீஸ்காரம்மா இங்கிலீஷ்ல கேட்டாங்க. புள்ளை மேடத்தப் பாத்துட்டு மறுபடி தலையாட்டிட்டு. நான் வாசப்படியில நின்னே தமிழ்ல சொன்னேன்: "வேல்விழி, உங்க அண்ணன் பகலவன் அனுப்புனாரு. நானும் இந்தச் சமையக்கட்டுல நின்னவதான். எதையும் எடுக்க வேண்டாம், செருப்புக்கூட வேண்டாம். அப்படியே வா."

மேடம், "உள்ள போ"ன்னு ஒரு அதட்டுப் போட்டாக. அந்தப் புள்ளை கரண்டிய மேசையில வச்சுது. மேடத்தச் சுத்திக்கிட்டு, வெறுங்காலோட, ஓடி வந்து என் இடுப்பக் கட்டிக்கிடுச்சு. பீரோவுல இருந்து ரெண்டு பாஸ்போர்ட்டும் வெளிய வந்துச்சு. ஒண்ணு என்னோடது.

வேல்விழி இப்ப எங்க விடுதியிலதான் இருக்கா. முதல் ரெண்டு நாள் தூங்குனா. நேத்துக் காலையில நான் செவுத்துப் பக்கமா உக்காந்து சார்ஜ் ஏத்திக்கிட்டிருந்தேன். தோசைத் தட்டோட பக்கத்துல வந்து உக்காந்தா.

"இன்னாக்கா இது கால்ல?"

சொன்னேன்.

"எப்பக்கா கழட்டுவாங்க?"

"அன்னைக்கே கழட்டுதேன்னாக. நான்தான் இருக்கட்டும்னேன்."

"ஏங்க்கா?"

தோசை ஆறிப்போகும், சாப்பிடுன்னேன். ஏன்னு நீயும் பகலவன்கிட்ட சொல்லிராத.

அப்பாவுக்கு முட்டு எப்படி இருக்குன்னு எழுது.

உங்கள்
தங்கமாரி